காமிக்ஸ் வாசகர் சங்க ஆண்டறிக்கை: ஜிம்மி வெல்ஸ் விவகாரமும் மற்ற நடவடிக்கைகளும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மன்னார்குடி, வலங்கைமான், பாபநாசம் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் செயலாளரின் வணக்கம்.

கூட்டங்கள் வழக்கம்போல மாதம் ஒரு ஞாயிறு மாலை, மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் உள்ள மாடியில் நடந்தன. கார்த்திகைக் கூட்டம் அடைமழையில் அடிபட்டுப் போனது. தை மாதம் சம்பா அறுவடை. அறுவடை மெஷின் வயலுக்கு வருகிற நாளை விட்டுவிட்டு யாரும் காமிக்ஸ் பேச வரமாட்டார்கள், வரவும் கூடாது. வராதவர்களுக்கு அபராதம் போட வேண்டும் என்று வந்த கடிதத்தைச் செயற்குழு படித்துவிட்டு எடுத்து வைத்துவிட்டது.

இந்த ஆண்டின் பெரிய விஷயம் வினாடி வினா தகராறுதான். பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள், மீதிப் பேர் டீக்கடையில் கேட்டிருப்பீர்கள். ஆனாலும் சங்கப் பதிவேட்டில் ஒழுங்காக ஏற வேண்டும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

இறுதிச் சுற்றுக் கேள்வி, ஆங்கிலத்தில் ஃபேண்டம் எனப்படும் முகமூடி வீரர் வேதாளரையும் (ராணி காமிக்ஸில் இவர் பெயர் மாயாவி) அவர் காதலி டயானாவையும் பற்றியது: 'வேதாளரின் முதல் கதையில் டயானாவின் பணக்கார நண்பனாக வருபவன் யார்?' ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஜிம்மி வெல்ஸ் என்று விடை சொன்னதும் இரண்டாம் அணியினர் எழுந்துவிட்டார்கள். அப்படி ஓர் ஆளே கிடையாது, நாற்பது வருஷமாகப் படிக்கிறோம், முத்து காமிக்ஸ் வேதாளரும் தெரியும், ராணி காமிக்ஸ் மாயாவியும் தெரியும், எங்களுக்கே கதை விடுகிறீர்களா என்று சத்தம். பரிசாக வைத்திருந்த பழைய ராணி காமிக்ஸ் கட்டு அன்றைக்கு யாருக்கும் போகவில்லை. மறுநாள் எழுத்துமூலம் புகாரும் வந்தது.

செயற்குழு விசாரித்ததில் தெரிந்தவை இவை. வேதாளரைப் படைத்த அமெரிக்க எழுத்தாளர் லீ ஃபாக் 1934இல் மந்திரவாதி மாண்ட்ரேக் தொடரைத் தொடங்கி, அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1936 பிப்ரவரி 17 அன்று வேதாளரைத் தினசரித் தொடராகக் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. படம் வரைந்தவர் ரே மூர். தொடரின் ஆரம்ப நாட்களிலேயே ஜிம்மி வருகிறான். வேலைவெட்டி இல்லாத செல்வந்தன், டயானா மேல் ஆசை உள்ளவன். ஃபாக் முதலில் போட்ட திட்டப்படி முகமூடிக்குள் இருக்க வேண்டியவனே இவன்தான். பகலில் சோம்பேறிச் சீமான், இரவில் குற்றவாளிகளை விரட்டும் மர்ம வீரன். இந்த உண்மை பிறகு எப்போதோ வெளிப்பட வேண்டும். ஆனால் முதல் கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபாக் மனம் மாறி, வேதாளரைக் காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். ஜிம்மி மெல்ல மெல்லக் கதையிலிருந்து காணாமல் போனான்.

நாவலாசிரியராக இருந்தால் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய் ஜிம்மியின் பெயரை அடித்துவிட்டிருப்பார். தினசரித் தொடரில் அதற்கு வழியில்லை. முந்தாநாள் வந்த மூன்று நான்கு கட்டங்கள் ஊர் ஊராக அச்சாகி, படிக்கப்பட்டு, பொட்டலமும் மடித்தாகிவிட்டது. பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்த பிறகு மாப்பிள்ளை மாறிய கல்யாணம் மாதிரி, பழைய பெயர் அங்கேயே நிற்கிறது. முதல் நாட்களின் தொடரைப் படிப்பவர்களுக்கு அந்த ஆள் எதற்கு இவ்வளவு நேரம் வருகிறான் என்றே புரியாது.

புகார் கொடுத்தவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நம் அலமாரியில் உள்ள இதழ்களை நூலகப் பொறுப்பாளர் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டார். ஜிம்மி எதிலும் இல்லை. தமிழில் நமக்குக் கிடைத்தது நாளிதழில் வந்த வடிவம் அல்ல. நாளிதழில் ஒவ்வொரு நாளும் கடைசிக் கட்டத்தில் ஒரு கொக்கி இருக்கும், மறுநாள் முதல் கட்டத்தில் முந்தின நாள் சங்கதியை லேசாக நினைவூட்டுவார்கள். புத்தகமாக்கும்போது அந்த நினைவூட்டல்கள் போகும், பக்கக் கணக்குக்காக வேறு பலதும் போகும். 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸிலும் இப்படிக் கதைகளைச் சுருக்கியதுண்டு. வெட்டு விழும்போது முதலில் போகிறவர்கள் துணைப் பாத்திரங்கள்தான்.

சரி, தீர்ப்பு: கேள்வி செல்லும். ஆனால் யாரும் விடை சொல்லாததால் பரிசு யாருக்கும் இல்லை. அந்தக் கட்டு சங்க நூலகத்துக்கு. இரண்டு தரப்பும் சம அளவில் அதிருப்தி அடைந்ததால் தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன்.

இந்த இடத்தில் செயலாளரின் சொந்தக் கருத்து ஒன்றையும் பதிவு செய்ய அனுமதி கேட்கிறேன். ஜிம்மியை விட்டது ஃபாக்கின் சறுக்கல் என்று ஆடிக் கூட்டத்தில் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகமூடிக்குள் ஜிம்மி இருந்திருந்தால் அது யார் என்ற ஒரே ஒரு ரகசியத்தோடு கதை முடிந்திருக்கும். பணக்கார வாலிபன் ரகசியமாக முகமூடி மாட்டும் கதை ஸோரோவிலேயே வந்துவிட்டது. 1939இல் பேட்மேனும் அதே வழியில்தான் வந்தான். ஜிம்மி வெளியேறியதும் முகமூடிக்குள் ஆள் இல்லாமல் போயிற்று. அந்த இடத்தை நிரப்பத்தான் 1536ஆம் ஆண்டு, கடற்கொள்ளையரிடம் தந்தையைப் பறிகொடுத்துக் கரை ஒதுங்கியவன், மண்டை ஓட்டின் மேல் செய்த சபதம், அப்பனுக்குப் பின் மகன் என்று வந்த இருபத்தொரு தலைமுறை, சாவே இல்லாதவன் என்று காடு முழுக்க நம்பும் பேச்சு எல்லாம் வந்தன. நாம் சிறுவயதில் வாய்பிளந்து படித்தது இதைத்தானே? ஜிம்மியின் வேலை போனதால்தான் வேதாளரின் மண்டை ஓட்டுக் குகைக்கும் அவருடைய காட்டு நண்பன் குரனுக்கும் வேலை கிடைத்தது.

இதற்கு மறுப்புச் சொன்ன திருவாரூர் நண்பர் ஐப்பசிக் கூட்டத்தில் வேறோர் ஆளைக் கொண்டுவந்தார்: ஹாம் கிரேவி. டிவியில் பாப்பாய் பார்த்து வளர்ந்தவர்கள்கூடக் கேள்விப்படாத பெயர். சீகர் வரைந்த 'திம்பிள் தியேட்டர்' நாளிதழ்த் தொடர் 1919 டிசம்பரில் தொடங்கியபோது, பின்னாளில் பாப்பாயின் காதலியான ஆலிவுக்குக் காதலன் இந்த ஹாம்தான். ஒன்பது வருஷம் கழித்து, 1929 ஜனவரி 17 அன்று, ஆலிவின் அண்ணன் ஒரு கப்பல் பயணத்துக்கு ஆள் தேடித் துறைமுகத்துக்குப் போய், அங்கே நிற்கும் ஒற்றைக்கண் மாலுமியை வேலைக்கு எடுக்கிறான். அவன்தான் பாப்பாய். அந்தப் பயணத்தோடு அவன் சோலி முடிந்திருக்க வேண்டும். வாசகர்கள் விடவில்லை, திரும்பக் கூட்டிவரச் சொன்னார்கள். கொஞ்ச காலத்தில் காதலியும் மாலுமி பக்கம், தொடரும் மாலுமி பக்கம். ஜிம்மியை நீக்கியது எழுதியவர், ஹாமை நீக்கியது படித்தவர்கள்; ஆகவே ஹாமுக்கு நடந்ததுதான் பெரிய அநியாயம் என்பது நண்பரின் வாதம். அன்றைக்கு மன்னார்குடிக்குப் போகும் கடைசி பஸ்ஸை இரண்டு பேர் தவறவிட்டார்கள். விவாதம் முடியவில்லை.

நூலகம் பற்றிச் சுருக்கமாக. சுவடிகளுக்குத் தஞ்சாவூரில் சரஸ்வதி மகால் இருக்கிறது. ஒன்றரை ரூபாய் ராணி காமிக்ஸுக்கு நம் இரண்டு பீரோக்கள்தான். இந்த மழைக்காலத்தில் பீரோவுக்குள்ளேயே ஈரம் கோத்துக்கொண்டது. சாணித்தாள் தானாகவே மஞ்சளித்து நொறுங்கும். அதோடு ஸ்டேப்ளர் பின்னும் துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்கிறது. பழைய பின்களைக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தைக்கும் வேலையைப் பாபநாசம் தம்பிகள் எடுத்துச் செய்கிறார்கள். லேமினேஷன் செய்யலாம் என்று யாரும் இனிமேல் யோசனை சொல்ல வேண்டாம். செய்தால் பிரிக்கவே முடியாது. வசம்பும் வேப்பிலையும் வைத்திருக்கிறோம். அதையும் மீறிப் பூச்சி வந்தால் அடுத்த வருஷம் பார்ப்போம்.

வரும் ஆண்டு வினாடி வினாவுக்குக் கேள்விகளை மூவர் குழு தயாரிக்கும். கேள்விக்கான மூலப் பக்கத்தின் நகல் நடுவர் கையில் இருக்க வேண்டும். துப்பறியும் ரிப் கிர்பியின் பணியாள் டெஸ்மாண்ட் பற்றிய கேள்விக்குத் தடையில்லை. திருடனாக இருந்து திருந்திய அந்த மனுஷனையாவது எல்லோருக்கும் தெரியும்.

சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். அந்தப் பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. வரவு செலவுக் கணக்கை அவர் இப்போது வாசிப்பார்.