புல்லைக் கருக்கி, கோரையைக் காத்த உங்கள் களைநாசினி

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு வருடமாக மலேசியன் புல் வளர்த்தேன். போன மாரியில் அதற்குள் மினுமினுப்பாக ஒரு களை கிளம்பியது. வெட்டிவிட்டால் இரண்டே நாளில் மற்றப் புல்லுக்கு மேலே தலை நீட்டும். பிடுங்கிய செடியோடு மட்டக்களப்பு நகரில் உங்கள் மருந்து விற்கும் கடைக்குப் போனேன். அங்கிருந்த உங்கள் விற்பனைப் பிரதிநிதி அதைக் கையில்கூட வாங்காமல், "புல்லினம்தான் அண்ணன், இத அடிங்க, புல்லெல்லாம் போயிரும்" என்று ஒரு போத்தலைத் தந்தார்.

அவர் சொன்னது பொய்யில்லை. புல்லெல்லாம் போய்விட்டது. பத்தாம் நாள் முற்றம் மஞ்சளித்தது, மூன்றாம் கிழமை வைக்கோலானது. களை மட்டும் பச்சைப் பசேலென்று நிற்கிறது.

பக்கத்து வளவுப் பெரியவர் படுவான்கரையில் வயல் செய்தவர். "தண்ட விரலுக்குள்ள உருட்டிப் பாருங்க தம்பி" என்றார். உருளவில்லை, மூன்று விளிம்பு தட்டுப்பட்டது. இலைகளும் மூன்று வரிசை. புல்லுக்கு இரண்டு வரிசைதான். தோண்டினால் கறுத்த கிழங்கு, அதிலிருந்து நூல்போல ஓடி இன்னொரு கிழங்கு. மணத்தை வைத்தே அம்மா கோரைக்கிழங்கு என்றார். கோரைப்புல் என்று நாம் சொன்னாலும் அது புல்லினமில்லை. இது எனக்குத் தெரியாமல் இருக்கலாம், களைநாசினி விற்பவருக்குமா?

பிறகுதான் போத்தலில் இருந்த பொடி எழுத்தை வாசித்தேன். கச்சான், பயறு போன்ற பயிர்களுக்குள் முளைக்கும் புல்லை அழிக்கும் மருந்தாம். பயிரை விட்டுப் புல்லை மட்டும் கொல்லும். என் முற்றத்தில் பயிரே புல்தானே! வாசிக்காமல் அடித்தது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கே அடிக்கப் போகிறேன் என்று சொல்லித்தான் வாங்கினேன்.

போத்தலின் விலையையும், புதிதாகப் புல் பதிக்கும் செலவையும் நீங்கள் தர வேண்டும். பற்றுச்சீட்டின் பிரதியும் முற்றத்தின் படங்களும் இணைத்துள்ளேன். முற்றத்துப் புல்லுக்கு அடிக்கக்கூடாது என்று போத்தலின் முன்பக்கத்தில் பெரிதாகப் போடுங்கள். மிச்ச மருந்தையும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்போது காலையில் மணலை நனைத்து, கம்பியால் கிளறிக் கிழங்கு கிழங்காகப் பொறுக்குகிறேன். ஒன்று தப்பினாலும் திரும்ப முளைக்கும். உங்கள் பிரதிநிதிக்கு நேரமிருந்தால் ஒரு நாள் அனுப்பிவையுங்கள். கையில் எடுத்துப் பார்க்க நிறையவே இருக்கிறது.

இப்படிக்கு,
கல்லடி வாடிக்கையாளர்