படலைக்கு வெளியே ஒரு பாடம்

திருகோணமலை மாவட்டத்து ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கும் அதிபர்களுக்கும்,

வணக்கம். என் பேத்தி இரண்டாம் தரத்தில் படிக்கிறாள். சென்ற மாதம் அவளோடு வீதியைக் கடக்க நின்றேன். "முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், மீண்டும் வலப்பக்கம்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே தலையை மூன்று தரம் திருப்பினாள். நடன வகுப்பில் திருப்புவதுபோல அத்தனை ஒழுங்கு. திருப்பி முடித்ததும் காலை எடுத்து வைத்தாள். வலப்பக்கமிருந்து முச்சக்கரவண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. கையைப் பிடித்து இழுத்துவிட்டு, "பார்க்கவில்லையா?" என்று கேட்டேன். "பார்த்தேனே அம்மப்பா!" என்றாள்.

பிள்ளை பொய் சொல்லவில்லை. அந்த வாரம்தான் சுற்றாடல்சார் செயற்பாடுகள் பயிற்சித்தாளில் இதே கேள்விக்கு முழுப் புள்ளி வாங்கியிருந்தாள். தலையைத் திருப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வாகனம் வந்தால் நிற்க வேண்டும் என்பதுதான் அந்த மனனத்தில் இல்லை.

உங்களுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை என்ற பேய் எத்தனை தூரத்திலிருந்தே துரத்துகிறது என்பதெல்லாம் அறியாதவனல்லன். ஆனாலும் கேட்கிறேன்: மாதத்தில் ஒரு நாள், இருபது நிமிடம், பத்துப் பிள்ளைகளாகப் படலைக்கு வெளியே கூட்டிப்போங்கள். நிறுத்தி வைத்திருக்கும் வான் ஒன்றின் பக்கத்தில் நீங்களே ஒருமுறை முழங்காலில் நின்று பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும் வீதி அதுதான். பாதி டயர், பாதி கதவு. சாரதிக்கும் அந்தப் பிள்ளை தெரியாது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அதன் முன்னால் ஓடக்கூடாது, அது போகும்வரை காத்து நிற்க வேண்டும் என்பதை நின்று பழகினால்தான் கால் கேட்கும். நம்முடைய ஊரில் இன்னொன்றும் உண்டு. கோட்டைப் பக்கம் புள்ளிமானைக் கண்டுவிட்டால் பிள்ளையின் கண்ணில் வீதி இருக்காது. மானுக்கும் வீதி விதி தெரியாது என்பது வேறு கதை.

அடுத்தது தண்ணீர். உள்துறைமுகம், டச்சுக்குடா, உப்புவெளி, நிலாவெளி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். கார்த்திகை மழை வந்தால் கிணறுகள் கைக்கெட்டும் உயரத்துக்கு நிரம்பிவிடும். சித்திரையிலிருந்து ஆவணி வரை குளிக்க இடம் தரும் அதே கடல் மார்கழியில் வேறு கடல், பள்ளி விடுமுறையோ அந்த மார்கழியில்தான். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது. கத்த மூச்சு இருக்காது. இதைச் சின்னவர்களுக்குச் சொல்லத் தயங்குகிறோம். நான் சொல்வேன். தோழன் தண்ணீரில் விழுந்தால் இறங்கக்கூடாது, கத்திப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும், மிதக்கும் பொருள் எதையாவது எறிய வேண்டும். மூடி இறுக்கிய வெறும் கேன் ஒன்றுக்குக் கயிறு கட்டி, மைதானத்தில் எறிந்து பழக்கலாம். அதைப் பிள்ளைகள் விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஒன்றை மறைக்காமல் எழுதவேண்டும். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலத்துக்குப் பதிலாக ஓடிய இழுவைப்படகு கவிழ்ந்து இறந்தவர்களில் பள்ளிக்கூடம் போகப் புறப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் எந்தப் பாடத்தையும் மறக்கவில்லை. பாலமும் படகும் பெரியவர்களின் வேலை. நான் கேட்கும் பயிற்சியைக் காட்டி அந்த வேலையிலிருந்து யாரும் நழுவக்கூடாது. உடைந்த மதில், திறந்த கிணறு, மூடாத மின்பெட்டி ஆகியவற்றைப் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் நானே எழுப்புவேன்.

தொலைபேசி இலக்கங்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள்: அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, சிறுவர் உதவிக்கு 1929. நல்லது. பேத்தியிடம் விளையாட்டுக்கு அம்புலன்ஸ்காரராக நடித்து, "எங்கே இருக்கிறீர்கள் மகள்?" என்று கேட்டேன். "அம்மம்மா வீட்டில்" என்றாள். எந்த அம்மம்மா, எந்த ஒழுங்கை? அரைமணி நேரம் பழகி, இப்போது வீதிப் பெயரும் பக்கத்துக் கோயிலும் சொல்கிறாள். வகுப்பில் இருவர் இருவராக இதை நடிக்கலாம்.

தெரியாதவரோடு போகாதே என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடவும் வேண்டாம். தெரிந்தவர், உறவுக்காரர், மாமா என்று கூப்பிடும் ஆள் தொட்டாலும், பிடிக்காவிட்டால் 'வேண்டாம்' என்று சொல்லலாம், வந்து அம்மாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லலாம், யாரும் ஏசமாட்டார்கள் என்று நீங்கள் சொன்னால் பிள்ளைகள் நம்புவார்கள். எங்களை விட உங்களைத்தான் நம்புகிறார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

என் வீட்டில் பழைய கேன்கள் நான்கு கிடக்கின்றன. கழுவி, கயிறு கட்டி வைக்கிறேன். எந்தப் பள்ளிக்கூடம் முதலில் கேட்கிறதோ அங்கே கொண்டுவந்து தருகிறேன். வீதிக்குக் கூட்டிப்போகும் நாளில் கைபிடிக்க ஆள் தேவையென்றால், காலை வேளையில் எனக்கு வேறு வேலை இல்லை.

இப்படிக்கு,
ஒரு அம்மப்பா, திருகோணமலை