திறந்த கூடா, பூட்டின கூடா

கல்லடி,
யூன் 9

மச்சான்,

உன்ட கடிதம் வியாழக்கிழமை கிடைச்சிச்சு. அம்மா விழுந்ததுக்குப் பிறகு தனிய எழும்பி நடக்கிறதில்ல எண்டு எழுதியிருந்தாய். அதை ரெண்டு தரம் வாசிச்சன். கூடு பின்னால வலையாத் திறந்த ஹெட்போன வாங்குறதா, அடைச்சுப் பூட்டினத வாங்குறதா எண்டு நீ கேட்ட கதைக்கு மறுகாதான் வந்தன். அவட இறால் சொதி இன்னும் என்ட நாக்கில கிடக்கு எண்டு சொல்லு.

இங்க கச்சான் காத்து தொடங்கிட்டு. ஜன்னலத் திறந்தா மேசையெல்லாம் தூசி, பூட்டினா அவியல். இதுக்குள்ள இருந்துதான் போன மாதம் பதிஞ்ச வடமோடி நாட்டுக்கூத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கன்.

கடைக்காரப் பொடியனும் உன்ட மருமகனும் பூட்டினதத்தான் வாங்கச் சொல்றாங்க எண்டாய். என்ட சொல் வேற. அம்மா பக்கத்து அறையில கிடக்கக்குள்ள நீ பூட்டினத வாங்காத.

போன மாரியில நடந்தத உனக்குச் சொல்லல்ல. ராவு எட்டு மணி, பூட்டின ஹெட்போன மாட்டிக்கொண்டு இருக்கன். மாமா ஏறாவூரில இருந்து வந்து கேற்றடியில நிண்டு கூப்பிட்டிருக்கார், தட்டியிருக்கார், போனும் எடுத்திருக்கார். மழை ஊத்துது. அரை மணித்தியாலம். பக்கத்து வீட்டுப் பொடியன் மதிலால குதிச்சு வந்து தோளத் தொட்ட பிறகுதான் எனக்குத் தெரியும். மாமா ஒண்டும் சொல்லல்ல. தலையத் துடைச்சுக்கொண்டு தேத்தண்ணி குடிச்சார். ஆனா இப்பவும் வரக்குள்ள கேற்றடியில நிண்டு மூண்டு தரம் ஹோன் அடிக்கார்.

விசயம் பெரிய சிக்கலில்ல. ஹெட்போனுக்குள்ள இருக்கிற மெல்லிய தோல் முன்னுக்கும் சத்தம் விடும், பின்னுக்கும் விடும். முன்பக்கம் காதுக்கு. பின்பக்கத்த என்ன செய்யிற? பூட்டின கூட்டில அது சுவரில பட்டுத் திரும்பும். பஞ்சு வைச்சு அடக்குவாங்க, எண்டாலும் கொஞ்சம் காதுப் பக்கம் கிறுகி வரத்தான் செய்யும். திறந்த கூட்டுக்கு முதுகே வலைதான். சத்தம் வெளியால போயிரும். அதாலதான் பாட்டு மண்டைக்குள்ள அடைஞ்சு கிடக்காம கொஞ்சம் எட்ட நிண்டு கேக்குற மாதிரி இருக்கும். 1968ல ஜெர்மனியில சென்ஹைசர் கம்பனி ஸ்பொஞ்சு வைச்சு விட்ட எச்டி 414 எண்ட ஹெட்போன்தான் இந்த வகையில முதல் வந்தது.

கூத்தில இந்த வித்தியாசம் நல்லாத் தெரியும். வட்டக்களரி எண்ட கூத்து மேடைக்கு முன்னால ரெண்டு மைக் வைச்சுப் பதிஞ்சன். திறந்ததுல கேட்டா சலங்கை இடப்பக்கம் தொடங்கி, கூத்துப் பழக்கின அண்ணாவியார்ட மத்தளத்துக்கு முன்னால போய், வலப்பக்கம் கிறுகுறது அப்பிடியே தெரியுது. ஒரு இடத்தில ஆடுறவர் மூச்சு வாங்குறார், பிற்பாட்டுக்காரர் அத மறைக்க வரிய நீட்டிப் பிடிக்கார். பூட்டினதுல அதே இடத்தப் பத்துத் தரம் கேட்டிருப்பன், தட்டுப்படல்ல. ஆனா மத்தளத்திட தொப்பிப் பக்க அடி இருக்கே, அந்தத் 'தொம்', அது பூட்டினதுலதான் நெஞ்சில விழும். திறந்ததுல அது மெலிவுதான். கடைக்காரப் பொடியன் சொன்னதில அந்தளவு சரி.

அதால பூட்டினத நான் எறியல்ல. மைக்குக்குப் பக்கத்தில அது இல்லாம ஏலாது. இந்த வேலை பழகின புதுசில ஒரு வயசான அண்ணாவியாரப் பாட வைச்சன். அவர்ட காதில திறந்தத மாட்டி, முதலே பதிஞ்ச தாளத்த அதுக்குள்ள விட்டன். சல்லரி, அதுதான் கைத்தாளம், அதிட சத்தம் வலையால வழிஞ்சு மைக்குக்குள்ள போயிற்று. தரு எண்ட கூத்துப் பாட்டப் பாடி மூச்சு விடுற இடத்திலயெல்லாம் பின்னால 'கிணுக் கிணுக்' எண்டு ஒரு பூச்சி. திருப்பிப் பாடக் கேக்கக்குள்ள அவருக்குத் தொண்டை கட்டிட்டு. அந்தப் பதிவு இன்னும் கிடக்கு, நான் திறக்கிறதில்ல.

நீ பதியப் போறதில்ல, ராவில பழைய பாட்டுக் கேக்கத்தானே? மனிசி பக்கத்தில படுத்தா அவவுக்கும் கேக்கும், அது உங்கட பாடு. ஆனா உங்கட திருக்கோவிலில ஆடி அமாவாசைக்கு ஸ்பீக்கர் கட்டினாங்களெண்டா திறந்த கூட்டால முருகன் பாட்டு மட்டும்தான் வரும். அதோட போட்டிக்கு சத்தத்தக் கூட்டாத. 80 டெசிபல் எண்டா கிழமைக்கு 40 மணித்தியாலம் கேக்கலாம், 90க்குப் போனா 4 மணித்தியாலம்தான் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்த நாளுகள்ல ஹெட்போனக் கழட்டி வைச்சிட்டுக் கோயிலுக்குப் போ.

நீ கண்ணாடி போடுறவன் எண்டதையும் யோசிச்சன். பூட்டின கூடு காதச் சுத்தி இறுக்கமா ஒட்டினாத்தான் அந்தத் 'தொம்' மாதிரி அடிச்சத்தம் நிக்கும். கண்ணாடிக் காம்பு நடுவில போனா ஓட்டை வாளிதான். வேர்வையும் அப்பிடி. என்டதில ஒட்டியிருந்த போலித் தோல் ரெண்டு வருசத்தில உரிஞ்சு, கறுப்புச் செதிலாக் காதில ஒட்டி, மனிசி ஏதோ தோல் வருத்தம் எண்டு பயந்திட்டா.

வாங்கக்குள்ள எத்தினை ஓம் எண்டு கேள். ஓம் எண்டா மின்தடையிட அளவு. 1997ல வந்த சென்ஹைசர் எச்டி 600ஐ இப்பவும் ஆக்கள் புகழுவாங்க, ஆனா அது 300 ஓம். உன்ட போனில குத்தினா முனகும், தனி அம்ப்ளிபையர் வேணும். 32 ஓமில திறந்தது இருக்கு, அதப் பார்.

போயா ராவில, பௌர்ணமி நிலவில, பழைய பாலத்தடிக்குத் தோணியில போனமே, ஞாபகம் இருக்கா? சவள், அதுதான் துடுப்பு, அதத் தண்ணிக்குள்ள விட்டு, மற்ற நுனியக் காதில வைச்சு, வாவியில மீன் பாடும் எண்டு ஊரில சொல்ற மாதிரி உண்மையாவே பாடுதா எண்டு கேட்டம். நீ கேக்குது எண்டாய், நானும் ஓம் எண்டன். எனக்கு அண்டைக்கு ஒண்டும் கேக்கல்லடா. உனக்கு உண்மையாவே கேட்டதா?

அம்மாவப் பாக்க ஆள் கிடைக்கிற ஒரு நாள் வா. என்ட ரெண்டையும் மாட்டிப் பாத்திட்டு வாங்கு. வரக்குள்ள கண்ணாடிய மறந்திடாத.

உன்ட மச்சான்