ரவுட்டரை அணைத்துப் போட்டாயிற்று, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டு இணைய வேகத்தைக் கூட்டுவது எப்படி என்ற கட்டுரையைப் படித்தேன். காப்பி ஆறிப்போகும்வரை இரண்டு முறை படித்தேன். அதில் ஒரு வாக்கியம்: “பெரும்பாலும் குறை இணைப்பில் இருப்பதில்லை, பயன்படுத்துகிற நம்மிடம்தான் இருக்கிறது.” அந்த ‘நம்மிடம்’ என்ற சொல்லின் பெருந்தன்மையை வியக்கிறேன். எழுதியவர் தம்மையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டில் இணையம் நன்றாகத்தான் வருகிறது என்பது அதிலேயே தெரிகிறது.

நான் 1984 முதல் 2018 வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன். முதல் ஐந்து வருஷம் ஏணி தூக்கினேன். மீதிக் காலம் ஊர்க் கம்பிகளெல்லாம் வந்து சேரும் எம்.டி.எஃப். அறையில். மழை பெய்தால் எந்தத் தெருவில் வீடுகளுக்குக் கம்பி பிரியும் எந்த டி.பி. பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும் என்று படுத்துக்கொண்டே சொல்வேன். அப்படிப்பட்டவனிடம், வீட்டு இணையம் தகராறு செய்கிற இந்தப் பதினான்கு மாதமாக, எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “சார், ரவுட்டரை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?” பண்ணினேன் ஐயா. காலையில் பண்ணினேன், மாலையில் பண்ணினேன், சந்தியாவந்தனம் போலப் பண்ணினேன். 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி இந்நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தபோது மோடத்துக்குச் சொன்ன வைத்தியம் அது. தாமிரக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது. வைத்தியம் மட்டும் மாறவில்லை.

கட்டுரை முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். ரவுட்டரை ஒளித்து வைக்காதீர்கள் என்பது சரி. என் மனைவி அதற்குக் குரோஷா துணி போர்த்தி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைத்திருந்தாள். எடுத்துக் கூடத்தில் வைத்தேன். வைஃபையில் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது ஆனால் சுவர் தாண்டத் திணறும், 2.4 மெதுவானது ஆனால் உள்ளே வரை போகும் என்பதும் சரி. எங்கள் வீட்டுச் சுவர் முக்கால் முழ அகலம். ரேழியில் சொன்னது இரண்டாம் கட்டில் மனிதர்களுக்கே கேட்காது. மைக்ரோவேவ் அடுப்பு 2.4-ஐக் கலைக்கும் என்று எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் இருப்பது கும்முட்டி. அதுவும் பரணில்.

ஆனால் முதலில் எழுத வேண்டியதை அவர் எழுதவே இல்லை. ஒரு லேன் கேபிளை எடுத்து லேப்டாப்பை நேராக ரவுட்டர் பெட்டியில் சொருகிப் பார்க்க வேண்டும். அதிலும் இழுவை என்றால் வைஃபையையோ சுவரையோ பெண்டாட்டியையோ குற்றம் சொல்லிப் பயனில்லை. கோளாறு வாசலுக்கு வெளியே. நான் பார்த்தேன். 100 எம்பிபிஎஸ் திட்டம், அதாவது நொடிக்கு 100 மெகாபிட். விடியற்காலை 5 மணிக்கு 91. ராத்திரி எட்டரைக்கு 6. என் வீட்டுச் சுவர் ராத்திரியில் மட்டும் தடிக்கிறதா?

காரணம் தங்களுக்குத் தெரியாததல்ல. ஜிபான் என்ற முறையில் ஒரு இழையில் வருவது நொடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட், அதாவது 2500 எம்பிபிஎஸ். அதை வழியில் பிரித்து 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ கொடுக்கிறார்கள். 64 வீடும் ஒரே நேரத்தில் இழுத்தால் தலைக்கு 39 எம்பிபிஎஸ்கூட வராது. அந்த இழைக்கு மேலே ஊருக்கு வெளியே போகிற லைன் எத்தனை பெரிசு என்பது சிதம்பர ரகசியம். கேட்டால், “100 எம்பிபிஎஸ் வரை என்றுதானே சார் சொன்னோம்” என்கிறார்கள். ஆடித் தள்ளுபடியில் ஜவுளிக் கடைக்காரர் போடுகிற அதே ‘வரை’. நாம் எடுக்கிற வேட்டிக்கு மட்டும் அது இருக்காது. சட்டமும் அவர்கள் பக்கம். 2004-இல் 256 கேபிபிஎஸ், அதாவது கால் எம்பிபிஎஸ் வந்தாலே பிராட்பேண்ட் என்றார்கள், 2013-இல் 512 என்றார்கள், 2023-இல்தான் 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். எனக்கு 6 வருகிறது. சட்டப்படி நான் செல்வந்தன்.

இது ராத்திரிக் கதை. மழைக் கதை வேறு. எங்கள் ஸ்ரீரங்கத்து வீதியில் சித்திரைத் தேர் வரும். குறுக்கே போகிற கேபிள்களை அவிழ்த்துவிட்டுத் தேர் போனதும் மறுபடி கட்டுவார்கள். தேரில் வருகிற நம்பெருமாளை நான் குற்றம் சொல்லவில்லை. கட்டினவன் கட்டின விதத்தைச் சொல்கிறேன். போன வருஷத் தேருக்குப் பிறகு தூறல் போட்டால் போதும், பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாகக் கண்ணடிக்கும். வெளியிலிருந்து வெளிச்சம் வரவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். புகார் கொடுத்தால், “எங்கள் சிஸ்டத்தில் சிக்னல் நன்றாக இருக்கிறது.” ரவுட்டரை அணைத்துப் போடவும்.

ஒன்பதாவது புகாருக்கு ஒரு தம்பி வந்தான். அவனிடம் இழையில் வருகிற வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டர் இருந்தது. பெட்டியிலிருந்து இழையைக் கழற்றிச் சொருகினான். மைனஸ் 29. மைனஸ் 27-க்குக் கீழே போனாலே பெட்டி தள்ளாட ஆரம்பிக்கும். “சார், வீட்டுக்குள்ள ஒண்ணுமில்ல” என்று அவன் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கேட்க ஏழு மாதம் ஆகியிருந்தது. கம்பத்தில் ஏறினான். ஜாயின்ட்டைப் பால் பாக்கெட் கவரில் சுற்றிச் சணல் கட்டியிருந்தது. கவருக்குள் அரை டம்ளர் தண்ணீரும் ஒரு பல்லி முட்டையும். அதற்கு ஒரு முழம் தள்ளி இழையை ‘ட’ மாதிரி மடக்கிக் கட்டியிருந்தார்கள். வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் ஒட்டி, முறையான பெட்டியில் மூடினான். மைனஸ் 21. டெசிபல் கணக்கில் வெளிச்சம் ஆறு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது என்று அர்த்தம். மனைவி அவனுக்கு மோர் கொடுத்தாள். நாலு மாதம் நிம்மதி. பிறகு இந்த வருஷத் தேர்.

அதற்கு முந்தின எட்டுப் புகாரும் என்னவாயின என்று சொல்ல வேண்டும். ஒருவர் போனில் அழைப்பார்: “ஆள் வந்துட்டிருக்கார் சார், ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க, டைம் ஓடுது.” சொன்னால் அடுத்த நிமிடம் குறுஞ்செய்தி: தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. சிவப்பு விளக்கு எதிரே மின்னிக்கொண்டிருக்கிறது. இதில் விஷயம் இருக்கிறது ஐயா. மூன்று வேலை நாளுக்கு மேல் பழுது நின்றால் ஏழு நாள் வாடகையைக் கழிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-லேயே எழுதிவைத்தது. புகாரை மூடிவிட்டால் நாள் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. நான் பதினான்கு மாதமாக முதல் நாளிலேயே இருக்கிறேன்.

மின்தடைக்கு அணில்தான் காரணம் என்று 2021-இல் ஓர் அமைச்சர் சொன்னபோது ஊரே சிரித்தது. தாங்கள்கூடக் கார்ட்டூன் போட்டீர்கள். லைனில் வேலை பார்த்த நான் சிரிக்கவில்லை. அணில் கடிக்கும். ஆனால் அவராவது காரணத்தைக் கம்பத்தில் தேடினார். தங்கள் கட்டுரையாளர் என் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தேடுகிறார்.

போன நவம்பரில் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்று கொடுக்கக் கேமரா முன்னால் உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டினேன். வட்டம் சுற்றியது. மறுபடி சிமிட்டினேன். நாற்பது நிமிடம். கடைசியில் பேத்தி தன் செல்போனை ஹாட்ஸ்பாட் போட்டுத் தாத்தா உயிரோடு இருப்பதை அரசுக்குத் தெரிவித்தாள். கரண்ட் பில், கேஸ் பதிவு, டாக்டர் டோக்கன் எல்லாவற்றையும் கவுன்டரிலிருந்து எடுத்து இந்த இணையத்துக்குள் போட்டுவிட்டார்கள். “அம்மா, ஒரு நிமிஷம்” என்று கெஞ்சக் கவுன்டரில் ஒரு முகமாவது இருந்தது. இதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் நாலு வரியாக்கி, ராசிபலனுக்குக் கீழே போட்டீர்கள். அதை இப்போது கிளறவில்லை.

இன்னொன்றையும் பொறுக்க முடியவில்லை. “100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 எம்பி இறங்கும்” என்று அந்தக் கட்டுரையில் இருக்கிறது. பிட் வேறு, பைட் வேறு. எட்டு பிட் ஒரு பைட். நொடிக்கு 12.5 எம்பிதான். எட்டில் ஒரு பங்கை முழுசாகச் சொல்லிவிட்டு, குறை நம்மிடம் என்கிறாரே.

கேட்பது பெரிதல்ல. இந்தக் கணக்குத் தப்புக்கு ஒரு வரித் திருத்தம் போடுங்கள். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் இதையும் போடலாம்: புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள், லைன் சரியாகாமல் ஓடிபி சொல்லாதீர்கள், பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பல பெட்டிகளில் வெளிச்சத்தின் அளவு தெரியும், அதைத் தேதியோடு நோட்டில் எழுதிவையுங்கள். தீராவிட்டால் டிராயின் 2012 விதிப்படி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு முப்பது நாளுக்குள் எழுதலாம், கட்டணம் இல்லை, 39 நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும். இவ்வளவுதான். ராசிபலனில் ஒரு ராசிக்கு ஒதுக்குகிற இடம் போதும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஸ்ரீரங்கம்

பி.கு: பெயர் போட வேண்டாம். பவர் மீட்டர் தம்பி பக்கத்துத் தெரு. உண்மையைச் சொன்னதற்கு அவனை வேறு ஏரியாவுக்கு மாற்றிவிடுவார்கள். கடிதத்தைச் சுருக்கினால் மைனஸ் 29-ஐ மட்டும் வெட்டிவிடாதீர்கள்.