அழுகையும் ஒரு மெய்ப்பாடுதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காதல், போர், மொழி ஆகியவை பற்றித் தங்கள் இதழில் தொடர்ந்து வெளிவந்த கவிதைகளை நிறைவு செய்து தாங்கள் எழுதிய குறிப்பில், வாசகர் கடிதங்கள் ஏராளமாக வந்தபோதிலும் அவற்றில் உணர்ச்சிப் பெருக்கே மிகுதி, கவிதை பற்றிய கருத்து குறைவு என்று ஒரு வாக்கியம் இருந்தது. அக்கடிதங்களுள் மூன்று என்னுடையவை. பதினைந்து நாள்களாகியும் அவ்வாக்கியம் என் மனத்தைவிட்டு அகலவில்லை.

தொல்காப்பியம் தாங்கள் அறியாததன்று. செய்யுளின் 34 உறுப்புகளுள், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதாகிய மெய்ப்பாட்டையும் வைத்து, ஆராய்ந்து தெளிய வேண்டாமலே பொருள் தானாக மெய்ப்பட்டு நிற்பது அது என்கிறது அந்நூலின் செய்யுளியல் பகுதி. எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகையும் ஒன்று. ஒரு கவிதையைக் கேட்டவர் கண்கலங்கினார் என்று நான் எழுதினால், அது எப்படிக் கவிதைக்குப் புறம்பான செய்தியாகும்?

பெங்களூருவில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவின் கணவர் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் இராணுவப் பொறியாளர் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அந்த அம்மா கன்னட வழியில் படித்தவர்; வீட்டில் பேசுவது தமிழானாலும் தமிழ் எழுத்து தெரியாது. ஆகவே போர்க் கவிதையை நான்தான் வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாதிருந்துவிட்டு, 1999இல் கார்கில் போர் நடந்தபோது தொலைக்காட்சியில் செய்தி தொடங்கியதும் சமையலறைக்குப் போய் வெறும் மிக்சியை ஓட விடுவேன் என்றார். மாமியார் செய்தி கேட்காமல் இருக்க மாட்டாராம். இவரால் கேட்க முடியாதாம். எனக்குப் பாரி மகளிரின் புறநானூற்றுப் பாட்டு நினைவுக்கு வந்தது. தந்தையையும் குன்றையும் இழந்த அந்தப் பெண்கள் வாளையோ குருதியையோ பேசவில்லை; போன மாத நிலவையும் இந்த மாத நிலவையும் வைத்தே தம் இழப்பைச் சொன்னார்கள். தங்கள் கவிஞரும் களத்தைக் காட்டாமல் வீட்டைக் காட்டியதால்தான் கவிதை இவரைத் தொட்டது என்று இரண்டு பக்கங்கள் எழுதி அனுப்பினேன். அச்சில் வந்தது, ‘போர்க் கவிதை நெஞ்சை உருக்கியது’ என்னும் ஒரே வரி. காதல் கவிதையில் ஒரு சொல்லைப் பற்றி நான் எழுப்பியிருந்த ஐயத்தையும் விட்டுவிட்டுப் பாராட்டை மட்டுமே வெளியிட்டீர்கள். கருத்தை வெட்டியது தங்கள் அலுவலகம். கருத்தில்லை என்ற பழி எங்களுக்கு.

மொழிக் கவிதை பற்றிய கடிதம் வெளிவரவே இல்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது முன்னறையில் மாட்டியிருந்த தமிழ் நாட்காட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, பேருந்தில் தமிழில் வாய் திறக்காதே என்று ஏழு வயது மகளுக்குச் சொன்னவள் நான். அல்சூர் ஏரிக்கரையில் அதே ஆண்டு திறக்கப்பட இருந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9 அன்றுதான் திறக்கப்பட்டது. அத்தனை ஆண்டுகளும் மூடிக்கிடந்த அந்தச் சிலையைக் கடந்தே வேலைக்குப் போய்வந்தேன். மொழியைப் பற்றி நான் சற்று உரக்கப் பேசினால் அதற்கு இவ்வளவு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் ஆண்டு மலரில், வெளிமாநிலத் தமிழர் படிப்பதெல்லாம் ஊர் நினைப்பில்தான் என்று ஒரு கட்டுரை சொன்னதையும் நான் மறக்கவில்லை. சங்கப் பாடல்களை ஆங்கில வாசகரிடம் கொண்டு சேர்த்த ஏ.கே. ராமானுஜன் 1929இல் மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், கன்னடத்திலும் கவிதை எழுதியவர் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது சிறிய உதவி. பக்கத்து வீட்டு அம்மா சொன்ன மிக்சிச் செய்தியை மட்டுமாவது வரும் இதழில் குறைக்காமல் வெளியிடுங்கள். இடம் போதாதென்றால் இக்கடிதத்தின் மற்றப் பகுதிகளை எடுத்துவிடலாம். தம் பெயர் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். இதழ் வந்ததும் வாசித்துக் காட்டுவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
அல்சூர், பெங்களூரு.