முப்பத்தெட்டுச் சான்றிதழ்கள்

அன்புள்ள நண்பா,

நீ எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் எட்டு மாதங்களாகப் பதில் போடவில்லை. வேலைப்பளு என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். எழுதும் எனக்கே நம்பிக்கை இல்லை. தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகு உன்னிடம் சொல்லிக்கொள்ளும்படி எதையும் நான் செய்யவில்லை என்பதுதான் காரணம். இப்போது ஒன்று செய்திருக்கிறேன். அதுவும் பெருமைக்குரியதன்று, ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் எல்லோரும் நலம். நம்மோடு வேலை பார்த்த நெட்டையன் ஓய்வு பெற்றுவிட்டான். விடைபெறும் நாளிலும் அந்தச் சுத்தியல் கதையைத்தான் சொன்னான். இந்த முறையும் குற்றவாளி நீதான்.

சென்ற ஆண்டு, வெப்பமானி போன்ற கருவிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் தரும் எங்கள் நிறுவனத்தின் விழுமியங்களை வகுக்க ஒரு குழு அமைத்தார்கள். 'நேர்மை', 'வெளிப்படைத்தன்மை' ஆகிய இரண்டில் எது வேண்டும் என்று மூன்று மாதம் விவாதித்துவிட்டு, இரண்டையும் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினோம். நீ சிரிப்பாய் என்று தெரியும். கணக்கு மோசடியில் சிக்கிய அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் அறிவித்த விழுமியங்களிலும் நேர்மை இருந்தது. 2001 டிசம்பரில் அது திவாலாவதை அந்தச் சொல் தடுக்கவில்லை. அதைக் குழுவில் நானே எடுத்துச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன் என்பதையும் சேர்த்துச் சிரித்துக்கொள்.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை, பணியில் சேர்ந்து ஒன்றரை ஆண்டே ஆன ஒரு பெண் ஒரு தாளுடன் என் அறைக்கு வந்தாள். அதில் இரண்டு தேதிகளுக்கு மஞ்சள் கோடு போட்டிருந்தாள். ஒன்று, மற்ற வெப்பமானிகளை ஒப்பிட்டுச் சரிபார்க்க நாங்கள் வைத்திருக்கும் மாஸ்டர் வெப்பமானியின் அளவுத்திருத்தச் சான்று காலாவதியான தேதி. மற்றொன்று, அதைக் கடைசியாகப் பயன்படுத்திய தேதி. இடையில் பதினேழு நாட்கள், முப்பத்தெட்டு வெப்பமானிகள், முப்பத்தெட்டுச் சான்றிதழ்கள். "தேதியைப் பார்க்காமல் எடுத்துவிட்டேன் சார், என் தவறுதான்" என்றாள். மறுவாரம் தணிக்கை. நான் கணினியிலிருந்து முழுமையாகத் திரும்பக்கூட இல்லை. "மாஸ்டரை அனுப்பிச் சரிபார்ப்போம். அது சரியாக இருந்தால் இதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை, இப்போதைக்கு நமக்குள் இருக்கட்டும்" என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை. தாளை இரண்டாக மடித்துக்கொண்டு கதவு வரை போனவள், திரும்பி நின்று, "இதில் பதினொன்று தடுப்பூசிப் பெட்டிகளுக்குப் போயிருக்கின்றன சார்" என்றாள்.

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தடுப்பூசிகளில் பெரும்பாலானவை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி போன்றவை ஒருமுறை உறைந்துவிட்டால் கெட்டுப்போகும், கெட்டது கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. நாம் இருவரும் வெப்பமானிகளைச் சரிபார்க்கப் பனிக்கட்டியை நொறுக்கி, நீரில் கலந்து, பூச்சிய டிகிரிக்காகக் காத்திருந்த காலத்தில், இந்த எண் எங்கே போய்ச் சேரும் என்பது நமக்குத் தெரிந்திருந்தது. மாலை ஐந்து மணிக்குப் பிறகு நம் பழைய ஆய்வகப் பெரியவர் எந்தச் சான்றிதழிலும் கையெழுத்துப் போடமாட்டார் என்று கேலி செய்தோமே, களைத்த கண்ணை அவர் நம்பவில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அவள் வெப்பமானிகளைப் பெட்டிகளாகப் பார்த்திருக்கிறாள். நானோ மாதத்திற்கு எத்தனை என்று மட்டும் பார்த்திருக்கிறேன். இந்த வேலையில் எனக்குச் சலிப்பு வந்துவிட்டது என்று சென்ற கடிதத்தில் புலம்பியிருந்தேனே, அந்தச் சலிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள ஒன்றரை ஆண்டு அனுபவமுள்ள பெண் தேவைப்பட்டாள்.

அன்றிரவு தூக்கமில்லை. காலையில் அவளை அழைத்து, நான் சொன்னது தவறு என்று சொன்னேன். இருவருமாக உட்கார்ந்து எல்லா வாடிக்கையாளர்களுக்கும் கடிதம் எழுதினோம். ஒருவர் தொலைபேசியில் நன்றாகத் திட்டினார்; மற்றவர்கள் 'பெற்றுக்கொண்டோம்' என்றதோடு சரி. ஒன்பது நாள் கழித்து மாஸ்டர் திரும்பி வந்தது. பிழை வரம்புக்குள்தான் இருந்தது. முப்பத்தெட்டும் சரி.

என்னை உறுத்துவது அதுதான். மறைத்திருந்தால் ஒரு தடுப்பூசியும் கெட்டிருக்காது, எவருக்கும் தெரிந்திருக்காது, அவள் ஒருத்தியைத் தவிர. இந்த இடத்தில் தவறை ஒப்புக்கொண்டால் என்ன கிடைக்கும் என்பதை அவள் அன்றே கற்றுக்கொண்டிருப்பாள், சுவரில் என்ன மாட்டியிருந்தாலும். நீ உடனே 1982இல் சில புட்டிகளில் யாரோ நஞ்சு கலந்ததும் ஜான்சன் அண்டு ஜான்சன் மூன்று கோடிக்கும் மேற்பட்ட டைலெனால் வலிநிவாரணிப் புட்டிகளைத் திரும்பப் பெற்றதை எடுத்துக்கொண்டு வருவாய். அது பெரிய செயல்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஏழு பேர் இறந்திருந்தார்கள், நாடே பார்த்துக்கொண்டிருந்தது. என் மேசைக்கு எதிரே நின்றது ஒருத்தி, கையில் ஒரு தாள். பார்ப்பவர் இல்லாத இடத்தில்தான் நான் வழுக்கினேன்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்து 1996இல் எழுதியது நினைவிருக்கிறதா? நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, அவற்றில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருப்பது தெரிந்தது. அவர்கள் கூடுதலாகத் தவறு செய்தார்கள் என்பதைவிட, தவறைப் பேச அஞ்சவில்லை என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கமாக அவருக்குப் பட்டது. இதை நினைத்துக்கொண்டு என் அரையாண்டு அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். 'பதிவான பிழைகள்: 0' என்று, சாதனைகள் என்ற தலைப்பின் கீழ், தடித்த எழுத்தில் நானே போட்டிருக்கிறேன். நாற்பது பேர், ஆறு மாதம், ஒரு பிழையும் இல்லை! உலகத்தில் எந்த ஆய்வகத்தில் நடக்கும் இது? எத்தனை பேர் தாளை மடித்துக்கொண்டு என் கதவுவரை வந்து திரும்பிப் போனார்களோ தெரியவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லாமல், நான் அன்று சொன்ன வாக்கியத்தை மட்டும் அப்படியே எல்லோருக்கும் சொன்னேன். வெகுநேரம் எவரும் வாய் திறக்கவில்லை. கூட்டம் முடிந்து விளக்கை அணைக்கப் போகும்போது கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் வந்து, சென்ற மாதம் ஓர் எடைக்கல்லைக் கீழே போட்டுவிட்டதாகவும், துடைத்து அப்படியே பெட்டியில் வைத்துவிட்டதாகவும் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது, நன்றி சொன்னேன். அந்தக் கல்லில் எடை பார்த்தவற்றை இன்று முழுவதும் தேடிக்கொண்டிருக்கிறோம், பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

உன் ஆய்வகத்தின் பிழைப் பதிவேட்டில் கடைசியாக எந்தத் தேதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எழுது. அந்தக் கையெழுத்து யாருடையது என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய பனிக்கட்டிக் கூட்டாளி