கத்தரி வைக்கும் முன் திரையில் ஒருமுறை தைத்துப் பார்க்கட்டும்

திருகோணமலை மாவட்டத்தில் தையல் பயிற்சி நெறிகளை நடத்துவோருக்கும், அவற்றுக்குப் பாடத்திட்டம் வகுப்போருக்கும்,

வணக்கம்.

உப்புவெளியில் வீட்டோடு சேர்ந்த ஒரு அறையில் இருபது வருடமாகத் தைத்து வருகிறேன். உங்கள் நெறிகளை முடித்த பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து கை பழகுகிறார்கள். மெசினில் நன்றாக உட்காருகிறார்கள், தையல் நேராக விழுகிறது. ஆனால் கடதாசியில் கிடக்கும் ஒரு வளைவு உடம்பில் ஏறினால் எப்படி நிற்கும் என்பது அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. எனக்கும் அது பல வருடத்துக்குப் பிறகுதான் பிடிபட்டது. அதற்குள் எத்தனையோ பேரின் துணியைக் கெடுத்துவிட்டேன்.

போன ஆவணியில் ஒரு கல்யாணப் பெண்ணின் சாறி பிளவுஸை என்னிடம் பழகும் பிள்ளை வெட்டினாள். கை பொருத்தும் வளைவை முன்பக்கத்தில் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடக் குழிக்க வேண்டும் என்று படித்திருந்தாள். அது சரிதான், ஆனால் அளவு மிஞ்சிவிட்டது. போட்டுப் பார்த்த பெண் கையை உயர்த்தியதும் அக்குளிலிருந்து நெஞ்சுவரை துணி விறைத்து இழுத்தது. அந்தத் துண்டு சாறியோடு வந்த துண்டு. எந்தக் கடையிலும் அதற்கு இன்னொன்று கிடையாது. அக்குளுக்குள் ஒட்டுப் போட்டுக் கொடுத்தோம். அதற்குப் பிறகு இரண்டு கிழமை அந்தப் பிள்ளை கத்தரியைக் கையில் எடுக்கவே இல்லை.

இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பிளவுஸ்தான். நான் கேட்பது இது: கணினியில் வெட்டு மாதிரி வரைவதையும், அந்தத் துண்டுகளைத் திரையிலேயே ஒரு உருவத்தின் மேல் தைத்துப் பார்ப்பதையும் தையல் நெறிக்குள் கொண்டு வாருங்கள். கணினி நெறிக்குள் அல்ல, தையல் நெறிக்குள்.

ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு பயிற்சி நிலையத்தில் இதைக் கேட்டபோது, “அது கம்பியூட்டர் படித்தவர்களின் வேலை, தையல் பிள்ளைகளுக்கு விளங்காது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் அனுபவம் நேர்மாறாக இருக்கிறது.

மகளின் மடிக்கணினியில் அதே பிளவுஸை வரைந்து பார்த்தோம். உக்ரேன்காரர் ஒருவர் தொடங்கிய வலென்டினா என்ற மென்பொருள் இருக்கிறது, அதிலிருந்து பிரிந்து வந்த சீம்லியும் இருக்கிறது. இரண்டும் இலவசம். அளவுகள் தனிக் கோப்பில் இருக்கும். மார்பளவை 34இலிருந்து 38 ஆக்கினால் துண்டுகள் தாமாகவே புது அளவுக்கு மாறும். அப்புறம் அந்தத் துண்டுகளை, உருவங்களை முப்பரிமாணத்தில் காட்டும் பிளெண்டர் என்ற மென்பொருளுக்குக் கொண்டு போனோம். அதுவும் இலவசம்தான். உள்ளே வந்தபோது துண்டுகள் எறும்பளவில் கிடந்தன. அதனால் வரையும்போதே ஓரத்தில் 10 சென்ரிமீற்றர் கோடு ஒன்றைப் போட்டுவிட்டு, வந்ததும் முதலில் அந்தக் கோட்டை அளந்து பார்க்கப் பழகிக்கொண்டோம். கோடாக வந்த துண்டை வலை போல நிறையச் சிறு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் எண்ணிக்கை நாலு மடங்காகும். மடிப்பு அழகாக விழும், ஆனால் கணினி திணறும்.

முன்துண்டை உருவத்துக்கு முன்னாலும் பின்துண்டைப் பின்னாலும் நிறுத்தி, எந்த விளிம்பு எந்த விளிம்போடு சேரும் என்று நூல் நூலாக இணைத்துக் கொடுக்க வேண்டும். கணினியில் அதை ஓட்டிப் பார்த்ததும் அந்த நூல்கள் சுருங்கித் துண்டுகளை ஒன்றோடொன்று இழுக்கும். ஒரு தோளை இணைக்காமல் விட்டால் சட்டை அந்தப் பக்கமாகச் சரிந்து விழுந்துவிடும். முன் விளிம்பும் பின் விளிம்பும் ஒரே நீளமாக இல்லாவிட்டால் தையல் ஓரம் சுருக்கிக்கொள்ளும். சேர வேண்டியது தையல் கோடு, வெட்டுக் கோடு அல்ல. தையலுக்கு விட்ட அரை அங்குலத்தையும் சேர்த்து இணைத்தால் சட்டை ஒரு அளவு பெரிதாக நிற்கும். சொல்லுங்கள், இதில் எதை ஒரு தையல்காரிக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்? மென்பொருளுக்கு எந்த விளிம்பு எதோடு சேரும் என்று தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

சரி, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவள் வெட்டிய அதே வளைவு, கையை உயர்த்திய உருவம். அக்குளிலிருந்து நெஞ்சுக்கு விசிறி போல மடிப்புகள் ஓடின. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானே மவுஸைப் பிடித்து வளைவைக் கால் அங்குலம் வெளியே தள்ளி மறுபடி ஓட்டினாள். மடிப்பு குறைந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள், இப்போது முன்பக்கம் தொளதொளத்தது. திரும்பவும் உள்ளே கொண்டு வந்தாள். ஒரு முழம் துணிகூடச் செலவாகவில்லை. அடுத்த நாள் கத்தரியைக் கையில் எடுத்தாள்.

திரை பொய்யும் சொல்லும். அதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பட்டும் வொயிலும் ஒரே மாதிரி விழாது, துணியின் குணத்தை நாங்கள்தான் அளந்து கொடுக்க வேண்டும். அதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. 10க்கு 10 சென்ரிமீற்றர் துண்டு ஒன்றை வெட்டி நகைக்கடைத் தராசில் நிறுத்து 100ஆல் பெருக்கினால் சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும். விறைப்பை அளக்க 2.5 சென்ரிமீற்றர் அகலம், 20 சென்ரிமீற்றர் நீளமான துண்டு ஒன்றை மேசை விளிம்பிலிருந்து அடிமட்டத்தோடு சேர்த்து மெல்ல வெளியே தள்ள வேண்டும். அதன் நுனி தன் பாரத்தில் தொங்கி 41.5 பாகைச் சரிவைத் தொடும்போது நிறுத்தி, வெளியே நிற்கும் நீளத்தைப் பாதியாக்க வேண்டும், அதுதான் விறைப்பின் அளவு. பியர்ஸ் என்ற ஆய்வாளர் 1930இல் எழுதி வைத்த வழி இது. ஒரு பலகையைச் சரிவாக அறுத்துக் கொடுத்தால் தச்சுப் பிரிவுப் பிள்ளைகளே இந்தக் கருவியைச் செய்துவிடுவார்கள். நூலோட்டத்தில் ஒன்று, குறுக்கே ஒன்று, கிராஸில், அதாவது மூலைவாட்டாக, ஒன்று என்று மூன்று துண்டு வெட்டி அளந்து பார்த்தால், கிராஸில் வெட்டிய பாவாடை ஏன் அப்படி வழிந்து விழுகிறது என்பதும் கூடவே விளங்கும்.

உருவமும் அப்படித்தான். ஆயத்தமாகக் கிடைக்கும் பெண் உருவம் எங்கள் அம்மாமாரைப் போல இருப்பதில்லை. டேப் வைத்து உண்மையான ஆளை அளந்து உருவத்தை மாற்றாவிட்டால் பயன் இல்லை.

வேலைவாய்ப்பைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். இந்த நாட்டின் கைத்தொழில் ஏற்றுமதியில் முதலிடம் ஆடைக்குத்தான். ஒரு மாதிரிச் சட்டையைத் தைத்து, வெளிநாட்டுக்கு அனுப்பி, திருத்தம் வந்து, மறுபடியும் தைத்து அனுப்பும் வேலையைக் குறைக்க பெரிய நிறுவனங்கள் கொரியாவின் குளோ, பிரௌஸ்வெயாரின் வீஸ்டிட்சர் போன்ற மென்பொருள்களை வைத்திருக்கின்றன. அவை காசு கொடுத்து வாங்குபவை. ஆனால் துண்டை வைப்பது, விளிம்பை இணைப்பது, இழுக்கும் இடத்தைப் பார்ப்பது எல்லாம் அங்கும் இதே வேலைதான். இலவச மென்பொருளில் கை பழகிய பிள்ளைக்கு அது அந்நியமாக இருக்காது. எங்கள் பிள்ளைகள் ஏன் மெசின் வரிசையில் உட்காருவதற்கு மட்டும் பயிற்றப்பட வேண்டும்?

நான் புதுக் கட்டிடம் கேட்கவில்லை. கணினி அறை இருக்கும் நிலையங்களில் தையல் நெறிக்குக் கிழமையில் ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். வெட்டுவதற்கு முன் திரையில் ஒருமுறை தைத்துக் காட்டுவதை ஒரு செய்முறைப் பாடமாக வையுங்கள், அதற்குப் புள்ளியும் கொடுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களை அழையுங்கள். அவர்கள் மென்பொருளை நிறுவித் தரட்டும், எங்கள் பிள்ளைகள் அவர்களுக்குத் துணியைக் காட்டட்டும். மூதூர், கிண்ணியாப் பக்கத்துப் பிள்ளைகள் வீடு திரும்ப பஸ் இருக்கும் நேரமாகப் பார்த்து வையுங்கள்.

என் பிளவுஸ் மாதிரிகள் எல்லாவற்றையும் தருகிறேன், அளவுக் கோப்போடு. முதல் வகுப்புகளுக்கு நானே வந்து நிற்கிறேன், காசு வேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் எனக்கு வசதி. உங்களுக்கு வேறு நாள்தான் சரி என்றால் சொல்லுங்கள், தைக்கக் கொடுத்தவர்களிடம் தவணை கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு தையல்காரி